ஆஸ்பத்திரிக் கமிட்டியில் நமக்கும் ஓர் ஓட்டு வேண்டும்



நம் ஊர்க் கோயில் சாமிக்கு ‘ஹக்கீம் நஞ்சுண்டன்’ என்று ஒரு பெயர் உண்டு. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் நோய் வந்ததாம். இந்தச் சந்நிதியில் வேண்டிக்கொண்டதும் குணமானதாம். அதனால் சுல்தான் சாமியையே வைத்தியர் என்று அழைத்து மரகத லிங்கம் கொடுத்தார் என்பார்கள். இன்றைக்கும் கபிலா ஆற்றில் முங்கி எழுந்தால் நோய் தீரும் என்று நம்பி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அது அவரவர் நம்பிக்கை. சாமியிடம் யாரும் வரவு செலவுக் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் நம் வரிப்பணத்தில் நடக்கிற சர்க்கார் ஆஸ்பத்திரியிடம் கேட்டே ஆகவேண்டும். அதை யார் கேட்பது? கேட்பவரை யார் தேர்ந்தெடுப்பது? இதைத்தான் இந்த மாதம் எழுத வந்தேன்.

முதலில் நடந்த ஒரு சம்பவம். சென்ற ஐப்பசி மழையில், அரூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்கிற தம்பி ஒருவர் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. டூட்டியில் இருந்த டாக்டரம்மா நல்லவர். காலைப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். எக்ஸ்ரே அறை பூட்டிக் கிடந்தது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறதாம். எடுக்கிற ஆள் மாற்றலாகிப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது, புது ஆள் வரவில்லை என்றார்கள். வெளியே எடுத்தோம். பிறகு தனியார் நர்சிங் ஹோம். அந்தத் தம்பியின் மனைவி காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்தார். கால் சேர்ந்துவிட்டது. கடன் இன்னும் தீரவில்லை.

அன்று வராந்தாவில் காத்திருந்தபோது சுவரைப் பார்த்தேன். ரயில்வே குமாஸ்தாவுக்கு நோட்டீஸ் போர்டைப் படிக்கிற பழக்கம் போகாது. ‘ஆரோக்ய ரக்ஷா சமிதி’ என்று கன்னடத்தில் ஒரு பலகை. தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசியாகக் கூட்டம் நடந்த தேதி என்ற இடம் காலி. ஆபீஸ் ஜன்னலில் இருந்தவரிடம், “சார், இந்தக் கமிட்டி அடுத்து எப்போது கூடும்?” என்று கேட்டேன். “நீங்கள் யார்?” என்றார். “நோயாளியோடு வந்தவன்” என்றேன். “அது நோயாளிகளுக்கான கூட்டம் இல்லை” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

அந்தப் பதில் என்னை விடவே இல்லை. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி இருக்கிறது. அதில் நோயாளிக்கு இடமில்லை. நோயாளிக்கு வேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டும் இல்லை. அப்படியானால் பூட்டிய அறைக்கு முன்னால் நின்ற எங்களுக்காக யார் கேட்பார்கள்?

இந்தக் கமிட்டி எப்படி வந்தது?

இதன் பிறப்பு மத்தியப் பிரதேசத்து இந்தூரில். 1994ல் சூரத்தில் பிளேக் பயம் வந்த காலம். இந்தூரில் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஆஸ்பத்திரி எலிகளும் குப்பையுமாகக் கிடந்தது. ஊரார் பணமும் உழைப்பும் கொடுக்க, ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்தார்கள். செய்ததைக் காப்பாற்றுவதற்காக ஒரு கமிட்டி அமைத்தார்கள். அதுதான் ‘ரோகி கல்யாண் சமிதி’, அதாவது நோயாளர் நலச் சங்கம். 2005ல் மத்திய சர்க்கார் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தைத் தொடங்கியபோது நாடு முழுக்க இதைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் நோயாளர் நலச் சங்கம் என்றும், கர்நாடகத்தில் ஆரோக்ய ரக்ஷா சமிதி என்றும் பெயர்.

பெயரிலேயே நோயாளர் நலன் இருக்கிறது. கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வசூலாகிற கட்டணத்தை மேலே அனுப்பாமல் அங்கேயே வைத்துச் செலவு செய்யலாம். மேலிருந்து வருகிற மானியத்தை வைத்துக் குழாய் மாற்றலாம், மருந்து வாங்கலாம், தற்காலிகமாக ஆள் போடலாம். அந்தப் பூட்டிய எக்ஸ்ரே அறையைத் திறக்கக்கூட வழி இருந்திருக்கலாம், கேட்க ஒருவர் இருந்திருந்தால்.

ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? எம்.எல்.ஏ., அதிகாரிகள், டாக்டர்கள், பஞ்சாயத்து அல்லது முனிசிபாலிட்டி ஆட்கள், பிறகு நியமிக்கப்பட்ட ஊர்ப் பெரியவர்கள். இவர்களில் சிலர் ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டு ரோடு, குடிதண்ணீர், கட்சி, ஜாதி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட ஓட்டு. ஆஸ்பத்திரியை நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் நம்பி யாருக்கும் யாரும் ஓட்டுப் போட்டதில்லை. ஆஸ்பத்திரி கெட்டதற்காக எந்த மெம்பரும் பதவி இழந்ததாக நான் கேள்விப்பட்டதும் இல்லை.

நம் நிலைமையோ அதைவிட மோசம். நம்மில் பாதிப்பேருக்கு ஓட்டு தர்மபுரியிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் இருக்கிறது. ரேஷன் கார்டு அங்கே, தாய் தகப்பன் அங்கே, கையகலக் காடு அங்கே. பொங்கலுக்குப் போகிறோம், தேர்தலுக்குப் போகிறோம், திரும்பி வருகிறோம். ஆனால் காய்ச்சல் இங்கே வருகிறது. பிரசவம் இங்கே நடக்கிறது. மெஷினில் விரல் போவதும் இங்கேதான். ஓட்டு உள்ள ஊரில் நமக்கு ஆஸ்பத்திரி தேவைப்படுவதில்லை. ஆஸ்பத்திரி தேவைப்படுகிற ஊரில் நமக்கு ஓட்டு இல்லை.

இங்கிலாந்தில் ஒரு ஏற்பாடு

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அங்கே ஆஸ்பத்திரிகள் தேசிய சுகாதாரச் சேவையின் கீழ் நடக்கின்றன, 1948ல் ஆரம்பித்தது. 2003ல் ஒரு சட்டம் போட்டு, சில ஆஸ்பத்திரிகளுக்குத் தன்னாட்சி கொடுத்தார்கள். 2004 ஏப்ரலில் முதல் 10 ஆஸ்பத்திரி நிர்வாகங்கள் அப்படி மாறின. தன்னாட்சி கொடுத்த கையோடு, ஒவ்வொன்றிலும் ‘கவர்னர்கள்’ சபை ஒன்றையும் வைத்தார்கள்.

கவர்னர் என்றவுடன் ராஜ்பவனில் இருப்பவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவர் சம்பளம் இல்லாத கவர்னர். பஸ் டிரைவராக இருக்கலாம், ரிட்டயரான வாத்தியாராக இருக்கலாம், போன வருஷம் அதே ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்துகொண்ட அம்மாவாக இருக்கலாம். அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்கிறார்கள். அவர்களுக்குள் ஓட்டுப் போட்டுக் கவர்னர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சபையில் பாதிக்கு மேல் இப்படிப் பொதுமக்களும் நோயாளிகளும் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊழியர்களுக்கும் தனியாக இடம் உண்டு. நம் நாட்டிலிருந்து போய் அங்கே வார்டில் வேலை செய்கிற நர்ஸுக்கும் ஊழியர் என்ற முறையில் ஓட்டு உண்டு.

இந்தக் கவர்னர்கள் மருந்து எழுதித் தரமாட்டார்கள். டாக்டருக்கு உத்தரவு போடமாட்டார்கள். ஆஸ்பத்திரியின் தலைவரையும், சம்பள நிர்வாகிகள் அல்லாத டைரக்டர்களையும் நியமிப்பதும் நீக்குவதும் அவர்கள் கையில். தணிக்கையாளரை நியமிப்பதும் அவர்களே. இன்னொரு ஆஸ்பத்திரியோடு இணைப்பது போன்ற பெரிய முடிவுக்கு அவர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். டைரக்டர்களிடம் பதில் கேட்பது அவர்கள் கடமை என்று 2012ல் வந்த இன்னொரு சட்டம் தெளிவாகவே எழுதி வைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வேறு, பார்லிமென்ட் தேர்தலின் வாக்காளர் பட்டியல் வேறு. ‘இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறேன்’, ‘இங்கே வைத்தியம் பார்க்கிறேன்’, ‘இங்கே வேலை செய்கிறேன்’ என்பதே அங்கே உரிமை. பிழைக்க வந்த ஜனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை வேறு இல்லை.

அங்கே தோற்றுப்போனதும் உண்டு

நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது. அதே இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரியில், 2005க்கும் 2009க்கும் இடையில் நோயாளிகள் பட்ட பாடு உலகம் அறிந்தது. தண்ணீர் கேட்டுக் கிடைக்காத கிழவர்கள், அழுக்குப் படுக்கையில் மணிக்கணக்காகக் கிடந்தவர்கள். இப்படி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2008 பிப்ரவரியில், அந்த ஆஸ்பத்திரிக்குத் தன்னாட்சி அந்தஸ்தும் கொடுத்தார்கள். கவர்னர் சபையும் அமைந்தது. அந்தச் சபை உருப்படியாக எதையும் தட்டிக் கேட்கவில்லை.

கேட்டது யார்? ஜூலி பெய்லி என்ற பெண். 2007ல் அந்த ஆஸ்பத்திரியில் தாயைப் பறிகொடுத்தவர். ஊரில் சிறிய டீக்கடை நடத்தியவர். தன்னைப்போல் உறவினரை இழந்தவர்களைக் கூட்டி இயக்கம் நடத்தினார். கடைசியில் ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில் விசாரணை நடந்து, 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. நிர்வாகம் பணக்கணக்கையும் அந்தஸ்தையும் பார்த்ததே தவிர, வார்டைப் பார்க்கவில்லை என்பது அதன் சாரம்.

இப்போது இன்னொரு செய்தி. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட பத்தாண்டு சுகாதாரத் திட்டத்தில், இந்த ஆஸ்பத்திரிகளுக்கு இனிமேல் கவர்னர்கள் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். “பார்த்தீர்களா, அவர்களே வேண்டாம் என்று விடுகிறார்கள், நீங்கள் இப்போது கேட்கிறீர்களே” என்று சிலர் சொல்வார்கள்.

அவர்களுக்கு என் பதில் இது. ஸ்டாஃபோர்டு கவர்னர்கள் தோற்றார்கள், உண்மை. ஆனால் தேர்ந்தெடுக்கப்படாத டைரக்டர்கள் அங்கே தோற்கவில்லையா? மேலே இருந்த அதிகாரிகள் தோற்கவில்லையா? தன்னாட்சி கொடுத்த இலாகா தோற்கவில்லையா? அத்தனை பேரும் தோற்றார்கள். அவர்களில் யாரையும் வேண்டாம் என்று சொல்லாமல், ஜனங்கள் தேர்ந்தெடுத்தவரை மட்டும் வேண்டாம் என்பது என்ன நியாயம்? காவலாளி தூங்கினால் அவரை எழுப்ப வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். காவலே வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

அந்தத் தோல்வியிலிருந்து நமக்குப் பாடம் உண்டு. தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் வார்டுக்குள் போக வேண்டும். மேஜை மேல் வைக்கிற காகிதத்தைப் படித்துத் தலையாட்டுகிறவராக இருக்கக் கூடாது. கணக்கைப் படிக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டும். டீக்கடை அம்மாவுக்கு வந்த தைரியம் அவருக்கும் வேண்டும்.

சாமராஜநகரை மறந்துவிட்டோமா?

தூர தேசத்துக் கதை எதற்கு என்று கேட்கலாம். பக்கத்துக் கதையே இருக்கிறது. 2021 மே 2ஆம் தேதி இரவுக்கும் 3ஆம் தேதி காலைக்கும் இடையில், சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரியில் 24 நோயாளிகள் இறந்தார்கள். கொரோனாவின் இரண்டாவது அலை. ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்று. சிலிண்டர் மைசூரிலிருந்து வர வேண்டும். வருகிற வழி நம் நஞ்சன்கூடு வழிதான். மைசூர் அதிகாரிகள் கொடுக்கவில்லை, சாமராஜநகர் அதிகாரிகள் கேட்கவில்லை என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டது எல்லாம் பேப்பரில் வந்தது. கர்நாடக உயர்நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி வேணுகோபால கௌடா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. ஆக்சிஜன் தட்டுப்பாடுதான் காரணம் என்று அந்தக் குழு சொன்னது.

தேர்ந்தெடுத்த கமிட்டி இருந்திருந்தால் அந்த 24 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அப்படிச் சொல்வது இறந்தவர்களை வைத்துப் பேசுவதாகும். ஆனால் ஒன்று கேட்கிறேன். செத்த பிறகு விசாரிக்க நீதிபதி கிடைக்கிறார். சாவதற்கு முன்னால், “இன்று ராத்திரிக்கு எத்தனை சிலிண்டர் இருக்கிறது, நாளைக்கு எங்கிருந்து வரும்?” என்று கேட்க யார் இருந்தார்கள்? அதிகாரி அதிகாரியைக் கேட்டார், போன் போட்டார், கடிதம் எழுதினார். வார்டில் தன் அண்ணனையோ அம்மாவையோ வைத்திருந்த ஒருவர், உறுப்பினர் என்ற உரிமையோடு ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து பார்க்க அங்கே வழி இருந்ததா?

ரயில்வேயில் ஒரு சிறிய ஸ்டேஷனில்கூட எது எத்தனை இருக்கிறது என்பதற்கு ரிஜிஸ்டர் உண்டு. வந்து பார்க்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்க ஆள் வருவார் என்று தெரிந்தால்தான் ரிஜிஸ்டர் ஒழுங்காக இருக்கும். இத்தனை வருஷ குமாஸ்தா வேலையில் நான் கற்றது இது. ஆஸ்பத்திரிக்கும் அதே விதிதான்.

நமக்கு இது புதிது அல்ல

ஜனப் பிரதிநிதி சர்க்கார் காரியத்தை விசாரிப்பது இந்த மைசூர் மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1881ல் மைசூர் சமஸ்தானத்தில் பிரஜாப் பிரதிநிதி சபையைத் தொடங்கியவர் திவான் ரங்காசார்லு. அவர் செங்கல்பட்டு ஜில்லாக்காரர். நம்மைப்போல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். தாலுகாக்களிலிருந்து வந்த பிரதிநிதிகள் தசரா சமயத்தில் கூடித் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். ஆரம்பத்தில் நியமனம், 1891 முதல் தேர்தல். ஓட்டு அப்போது வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆனாலும் குறை சொல்ல ஒரு சபை வேண்டும் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டார்கள்.

சென்னை ராஜதானியிலும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு காலத்தில் ‘லோக்கல் ஃபண்ட் ஆஸ்பத்திரி’ என்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊர் வரியில் நடந்த ஆஸ்பத்திரி. போர்டு மெம்பர்கள் அதற்குப் பொறுப்பு. பிற்காலத்தில் எல்லாம் இலாகா கைக்குப் போயிற்று.

பக்கத்தில் குண்டலுப்பேட்டை தாண்டினால் கேரளம். அங்கே 1995-96 முதல் ஆஸ்பத்திரிகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் கிராமப் பஞ்சாயத்திடம், மாவட்ட ஆஸ்பத்திரி மாவட்டப் பஞ்சாயத்திடம். டாக்டர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இன்று அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றால் ஜனங்கள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போகிறார்கள். போவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்பதே பெரிய காரியம்.

பாட்டாளிக்கு இன்னொரு ஆஸ்பத்திரியும் உண்டு, ஈ.எஸ்.ஐ. நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நூற்றுக்கு முக்கால் ரூபாய் உங்கள் பங்கு, மூன்றேகால் ரூபாய் முதலாளி பங்கு. 2019 ஜூலை முதல் இந்தக் கணக்கு. 1948ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டப்படி டில்லியில் உள்ள கார்ப்பரேஷனில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு 10 இடம் உண்டு. ஆனால் சங்கங்களைக் கலந்துகொண்டு அவர்களை நியமிப்பது மத்திய சர்க்கார். மாதாமாதம் பணம் கட்டுகிற நாம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் நியமனம்தான். ரயில்வேயில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை ரகசிய ஓட்டில் நாங்கள் முடிவு செய்கிறோம். 2024 டிசம்பரில்கூடச் செய்தோம். அதே உரிமை ஈ.எஸ்.ஐ. கார்டுதாரருக்கு ஏன் கூடாது?

நம் வாயைக் கட்டியது எது?

இனி நமக்குள் பேச வேண்டிய ஒன்று. நாம் ஏன் கேட்பதில்லை? 1991ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவுக்குப் பின் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் நம் ஜனங்கள் பட்டது நினைவிருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு. என் தகப்பனாரும் அதைத்தான் சொன்னார். மீட்டர் கேஜ் காலத்தில் கேங்மேனாக வந்தவர். ஒரு நாள் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பாருங்கள். நமக்கு முன்னால் நிற்கிறவர் ஹள்ளியிலிருந்து வந்த கன்னடத்து அம்மா. அவருக்கும் அந்த எக்ஸ்ரே அறை பூட்டித்தான் இருக்கிறது. அவருக்கும் கமிட்டியில் ஓட்டு இல்லை. இது தமிழனுக்கும் கன்னடியனுக்கும் உள்ள வழக்கு அல்ல. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான வழக்கு. ஆகவே தனியாகக் கேட்காதீர்கள், அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். நம் பிள்ளைகள் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள், அழகாக எழுதுவார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

1. ஆரோக்ய ரக்ஷா சமிதியில் பாதி இடமாவது ஆஸ்பத்திரியைப் பயன்படுத்துகிறவர்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேண்டும்.

2. அந்தத் தேர்தலுக்கு வாக்காளர் அட்டையைக் கேட்கக் கூடாது. அந்த ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு, அல்லது அந்த வட்டாரத்தில் ஆறு மாதம் குடியிருந்ததற்கு ஏதாவது ஒரு சான்று போதும்.

3. நர்ஸ், வார்டு பாய், துப்புரவுத் தொழிலாளி, ஆஷா ஊழியர்கள் ஆகியோருக்கும் தேர்ந்தெடுக்கும் இடம் வேண்டும். உள்ளே நடப்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

4. தேர்ந்தெடுத்தவர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வார்டுக்குப் போகவும், மருந்து, ஆக்சிஜன், மெஷின் ரிஜிஸ்டர்களைப் பார்க்கவும் எழுத்துமூலம் உரிமை வேண்டும்.

5. கூட்டத்தின் தேதியும் முடிவும் வரவு செலவும் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக் கூடியவை இருக்கின்றன. 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமகன் எல்லாருக்கும் பொது. ஓட்டு எந்த ஊரில் இருந்தாலும் சரி. 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள் எழுத வேண்டும். ‘சென்ற வருஷம் சமிதி எத்தனை முறை கூடியது, என்ன முடிவு செய்தது’ என்பதை முதல் மனுவில் கேளுங்கள். ‘எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது’ என்பதை அடுத்த மனுவில் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. 2007ல் கர்நாடகமும் தமிழ்நாடும் உட்பட ஒன்பது மாநிலங்களில் சோதனையாக ஒரு ஏற்பாடு நடந்தது. கிராமத்துக் கமிட்டிகள் தங்கள் சுகாதார நிலையத்துக்குத் தாங்களே மார்க் போட்டார்கள்: நன்றாக இருந்தால் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. பிறகு ஜனங்கள் முன்னால் அதிகாரிகளை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்கள். நாமும் கன்னட நண்பர்களோடு சேர்ந்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு அட்டை எழுதி, பெரிய டாக்டர் கையில் மரியாதையோடு கொடுக்கலாம். யார் தடுக்கப் போகிறார்கள்? நல்ல டாக்டருக்கு அது மேலே கேட்க ஆயுதமாகும்.

என் கையில் ரயில்வே மெடிக்கல் கார்டு இருக்கிறது. எனக்கு வேறு ஆஸ்பத்திரி உண்டு. வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாரத்தில் ஏறுகிற தம்பிக்கும், செங்கல் சூளையில் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வேலை செய்கிற தங்கைக்கும் அந்த ஒரே ஆஸ்பத்திரிதான். அவர்கள் நிற்கிற வராந்தாவில் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. கூட்டம் நடந்த தேதி இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மருந்துச் சீட்டோடு திரும்பி வராமல், அந்தப் பலகையையும் பாருங்கள். தேதியைக் குறித்துக்கொண்டு வந்து சங்கத்தில் சொல்லுங்கள். தேதி இல்லை என்றால், இல்லை என்றே எழுதுவோம். முதல் மனு அதுவாக இருக்கட்டும்.